கையின் பிழையும் கருவியின் பிழையும்: ஏர் பிஸ்டல் தேர்வைப் பற்றி

2024 ஜூலை 30 அன்று, பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் களமாக அமைந்த ஷாத்தோரூவில், 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு இணையர் பிரிவில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் இந்தியாவுக்கு வெண்கலம் பெற்றுத் தந்தனர். ஆனால் அன்று உலகெங்கும் பரவியது, அதே பிரிவில் வெள்ளி வென்ற துருக்கி வீரர் யூசுப் டிகெச்சின் ஒளிப்படம். சாதாரண மூக்குக் கண்ணாடி, சாதாரண பனியன், கால்சட்டைப் பைக்குள் ஒரு கை. கருவி எதுவும் வேண்டியதில்லை, திறமை ஒன்றே போதும் என்ற பாடத்தைப் பலர் அப்படத்திலிருந்து எடுத்துக்கொண்டனர்.

அப்பாடம் பிழையானது. ஏர் பிஸ்டல் ஒற்றைக் கையால் சுடப்படும் போட்டி. மற்றக் கையைப் பைக்குள் வைத்துக்கொள்வது அதில் வழக்கம். டிகெச் தவிர்த்தவை கண் மறைப்பும் சிறப்பு வில்லைகளும் மட்டுமே. அவர் கையில் இருந்தது முழுமையான போட்டித் தரப் பிஸ்டல். எதை விட்டுவிடலாம், எதை விட முடியாது என்பதையே அப்படம் உண்மையில் காட்டியது.

இந்தியாவில் இவ்விளையாட்டைக் கற்க விரும்பும் மாணவருக்கு இரண்டு அறிவுரைகள் கிடைக்கின்றன. கிடைத்த பிஸ்டலைக் கொண்டு தொடங்கு என்பது ஒன்று. கடன் வாங்கியாவது பதக்கம் வென்றவர் வைத்திருக்கும் மாதிரியையே வாங்கு என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றினும் இரண்டும் ஒரே குறையிலிருந்து பிறக்கின்றன. பயிற்சிக் கருவியின் வேலை என்ன என்ற கேள்வியை இரண்டுமே எழுப்புவதில்லை. கற்பவருக்குத் தம் பிழையைத் தமக்கே காட்டித் தருவதுதான் அதன் வேலை. தேர்வின் அளவுகோல்கள் அனைத்தும் இதிலிருந்தே வர வேண்டும்.

இலக்கின் அளவுகளைப் பார்த்தால் இது தெளிவாகும். 10 மீட்டர் பிஸ்டல் இலக்கில் பத்துக்குரிய வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. அகலம். காகித இலக்கில் 4.5 மி.மீ. குண்டு ஒரு வளையத்தின் கோட்டைத் தொட்டாலே அவ்வளையத்தின் மதிப்பெண் உண்டு. அதாவது குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ. வரை விலகினாலும் அது பத்துதான். கை முழுவதுமாக 5 மி.மீ. பக்கவாட்டில் அசைந்தாலும், குழலின் திசை மாறாதவரை பத்து பத்தாகவே நிற்கும். ஆனால் குழல் நுனியில் உள்ள முன்குறி, பின்குறியின் பிளவுக்குள் 1 மி.மீ. ஒதுங்கினால் நிலைமை வேறு. இரு குறிகளுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 32 செ.மீ.; இலக்கின் தொலைவு அதைப் போல் 31 மடங்கு. ஆகவே அந்த 1 மி.மீ. இலக்கில் சுமார் 31 மி.மீ. ஆகப் பெருகுகிறது, பத்து ஏழாகிவிடுகிறது. கையின் நடுக்கத்தை ஒழிப்பதைவிட, இரு குறிகளையும் ஒழுங்காக வைத்து, அவ்வொழுங்கு குலையாமல் விசையை இழுப்பதே இவ்விளையாட்டின் சாரம்.

இனி, பிடிப்பொறியில் இறுக்கிச் சுட்டாலே 40 மி.மீ. வட்டத்துக்குள் குண்டுகளைச் சிதறவிடும் மலிவான பிஸ்டல் ஒன்று மாணவர் கையில் இருப்பதாகக் கொள்வோம். எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் அவருக்கு எட்டு விழலாம். விசையை வெடுக்கென்று இழுத்துக் கெடுத்தும் பத்து விழலாம். சரியானதைத் தவறென்றும் தவறானதைச் சரியென்றும் அவர் கை பழகிக்கொள்ளும். அளவு திருத்தப்படாத தராசில் ஓராண்டு எடைபோட்ட ஆய்வு மாணவருக்கு இந்த நிலை புரியும். அவர் குறிப்பேடு நிறைந்திருக்கும். அதிலிருந்து ஒரு முடிவும் வராது. கிடைத்ததைக் கொண்டு தொடங்கு என்ற அறிவுரையின் விலை இதுதான்.

அதேவேளையில், துல்லியமான குழல் புதிய உயர்விலை மாதிரிகளில் மட்டுமே கிடைப்பதன்று. 1965இல் வெளிவந்த ஃபைன்வெர்க்பாவ் 65, வில்விசையின் உதைப்பைத் தானே உள்வாங்கும் அமைப்புடன் செய்யப்பட்டது. ஒரே அழுத்தில் காற்றை அடைத்துக்கொள்ளும் ரஷ்யத் தயாரிப்பான இஷ்-46 போன்றவை பிற்காலத்தவை. நன்கு பேணப்பட்ட இவற்றின் சிதறல், கற்பவரின் கை காட்டும் விலகலோடு ஒப்பிடத் தக்கதே அன்று. ஸ்டைர், மொரினி, வால்தர், பர்தினி போன்ற இன்றைய தயாரிப்புகளுக்கிடையே குழலின் துல்லியத்தை மட்டும் வைத்துத் தொடக்க நிலையில் தேர்வு செய்ய இயலாது.

கடைகளில் முதலில் பேசப்படும் வேகமும் ஆற்றலும் இங்கே பொருளற்றவை. அரை கிராம் எடையுள்ள தட்டை முனை ஈயக் குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் ஆற்றல் 6 ஜூலுக்கும் குறைவு. காகிதத்தில் வட்டமாகத் துளையிட அது போதும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டிப் பிஸ்டல்கள் அவ்வரம்புக்கு வெகு கீழே நிற்கின்றன. உரிமம் தேவையில்லை என்பதற்காக அது விளையாட்டுப் பொருளாகிவிடாது. 6 ஜூல் ஒரு கண்ணைப் பறிக்கப் போதுமானது.

தேர்வில் முதலிடம் பிடிக்கு உரியது. பிஸ்டலை ஏந்திக் கண்களை மூடி, கையை உயர்த்தி நிறுத்திப் பின் கண் திறந்தால், முன்குறி பின்குறியின் பிளவில் தானாகவே நடுவில் நிற்க வேண்டும். நிற்கவில்லையெனில் ஒவ்வொரு குண்டுக்கும் மணிக்கட்டு அதைத் திருத்த வேண்டியிருக்கும். முன்பு கண்ட 1 மி.மீ. பிழை அங்கேதான் பிறக்கிறது. பிடிகள் சிறிது, நடுத்தரம், பெரிது என்ற அளவுகளிலும், வலக்கை இடக்கை வேறுபாட்டுடனும் கிடைக்கின்றன. பொருந்தாத மரப்பிடியை அரத்தால் தேய்த்தும் மரப்பசைக் கலவையால் நிரப்பியும் கைக்கு ஏற்பச் செதுக்கிக்கொள்வது உலகெங்கும் உள்ள நடைமுறை. மணிக்கட்டுக்கு அது முட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே விதி. தம் கைக்குச் செதுக்கிய பழைய பிஸ்டல், பொருந்தாத பிடியுடைய புதிய பிஸ்டலைவிட மேலானது.

அடுத்தது விசை. போட்டி விதிப்படி குறைந்தது 500 கிராம் எடையை அது தாங்க வேண்டும். முதல் இழுப்பு எங்கே முடிகிறது, இரண்டாவது எங்கே தொடங்குகிறது என்பது விரலுக்கு ஒவ்வொரு முறையும் ஒரேபோல் தெரிய வேண்டும். மின்னணு விசையா இயந்திர விசையா என்ற விவாதம் பிற்பாடு வரலாம். குண்டும் காற்றும் இன்றி விசையை மட்டும் இயக்கிப் பழகும் வசதி இருக்கிறதா என்பதே மாணவர் முதலில் கேட்க வேண்டியது. அவ்வசதி இருந்தால், பிஸ்டல் வெறுமையாக உள்ளதை உறுதிசெய்துகொண்டு, விடுதி அறையின் வெற்றுச் சுவரை நோக்கி நின்று பயிற்சியின் பெரும்பகுதியைச் செலவின்றி முடித்துவிடலாம். குண்டுக்கும் களக் கட்டணத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டியவர்க்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை.

மூன்றாவது எடை. 1,500 கிராம் வரை விதி இடம் தருகிறது. பெரும்பாலான போட்டிப் பிஸ்டல்கள் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். 15 நிமிட ஆயத்தம், அதன்பின் 75 நிமிடத்தில் 60 குண்டுகள். இடையில் உயர்த்திவிட்டுச் சுடாமல் இறக்கும் தடவைகள் வேறு. கடையில் ஒரு முறை ஏந்திப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. களத்தில் ஒரு மணி நேரமாவது சுட்டுப் பார்த்தபின் தோள் சொல்வதே நம்பத்தக்கது.

பழைய பிஸ்டல் வாங்குவோர் காற்று உருளையின் மேல் பொறித்துள்ள தேதியை முதலில் படிக்க வேண்டும். 200 பார் அழுத்தம் தாங்கும் இவ்வுருளைகளுக்கு ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 10 ஆண்டுப் பயன்பாட்டுக் காலம் குறிக்கின்றனர். அது கடந்ததா என்பதைப் போட்டியில் சோதிக்கவும் கூடும். உருளைக்கு மாற்று கிடைக்குமா, தேய்ந்த வளையத்தை மாற்றித் தருபவர் அருகில் உண்டா என்பவையும் விலையின் பகுதிகளே. 2021இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதடைந்தது. பல நிமிடங்களை இழந்து, 575 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் அவர் வெளியேறினார். மூன்றாண்டுக்குப் பின் 221.7 புள்ளிகளுடன் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். எந்தத் தரத்துக் கருவியும் பழுதாகக் கூடும். ஒலிம்பிக் வீரருக்குப் பழுது நீக்க உடன் ஒரு குழு இருக்கிறது. சிறு நகரத்துக் கல்லூரி மாணவருக்கு யார் இருக்கிறார் என்பதை வாங்கும் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இங்கேதான் தேர்வு என்ற சொல்லே கேள்விக்குள்ளாகிறது. இறக்குமதியாகும் போட்டிப் பிஸ்டலின் விலை ஒரு லட்ச ரூபாயை எளிதில் தாண்டுகிறது. உதவித்தொகையில் படிப்பவருக்கோ அவர் குடும்பத்துக்கோ அது தேர்வு அன்று; கடன். பிடி பொருந்துமா, தோள் தாங்குமா, ஆர்வம் ஓராண்டு நிலைக்குமா என்று தெரியும் முன்னரே அக்கடன் வாங்கப்படுகிறது. முதல் உலகப்போட்டிப் பதக்கங்களை இந்நாட்டுக்குத் தந்தவர்களில் பிகானீர் மகாராஜா கர்ணி சிங் ஒருவர். 1962இல் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அரண்மனையிலிருந்து வெகுதூரம் வந்துவிட்ட விளையாட்டு இது. மீரட் அருகே ஒரு சிற்றூரிலிருந்து வந்த சௌரப் சௌத்ரி 2018 ஆசிய விளையாட்டில் 16 வயதில் தங்கம் வென்றார். ஆனால் கருவியை அவரவரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் அரண்மனைக் காலத்திலேயே நிற்கிறது.

வழி எளியது. முதல் பிஸ்டலை மாணவர் வாங்கக் கூடாது. பல்கலைக்கழகம் வாங்க வேண்டும். வேதியியல் மாணவர் நிறமாலைமானியைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு வருவார் என்று எந்தத் துறையும் எதிர்பார்ப்பதில்லை. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான துப்பாக்கி சுடும் போட்டிக்கு அணி அனுப்பும் நிறுவனம், வெவ்வேறு பிடி அளவுகளில் நான்கைந்து போட்டித் தரப் பிஸ்டல்களைப் பொதுவில் வைத்திருந்தால், ஆண்டுதோறும் பல மாணவர்கள் அவற்றில் பழகலாம். குறைந்த விலைப்புள்ளியே வெல்லும் கொள்முதல் முறை இங்கே ஆபத்தானது. கோரிக்கையில் 'ஏர் பிஸ்டல்' என்று மட்டும் எழுதினால் வந்து சேர்வது, பயன்படாமல் அலமாரியில் தூங்கும் சிதறல் பிஸ்டல்தான். பிடிப்பொறிச் சோதனைத் தாள், விசையின் குறைந்தபட்ச எடை, வெற்றுப் பயிற்சி வசதி, உருளையின் தேதி, உதிரிபாகம் ஆகிய ஐந்தையும் விவரக்குறிப்பில் எழுதினால் போதும்.

கல்வி நிறுவனத்துக்குள் துப்பாக்கி எதற்கு என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் பூட்டிய பெட்டகம், வழங்கல் பதிவேடு, பயிற்சியாளரின் மேற்பார்வை ஆகியவற்றோடு களத்திலேயே இருக்கும் பொதுப் பிஸ்டல், விடுதி அறைகளில் தனித்தனியே கிடக்கும் பிஸ்டல்களைவிடப் பாதுகாப்பானது. வெற்றுப் பயிற்சிக்கு வெளியே எடுத்துச் செல்லும் நாள்களில் குண்டுகளைக் களத்திலேயே நிறுத்திவைக்கலாம்.

ஓராண்டு பொதுப் பிஸ்டலில் பழகிய மாணவருக்குத் தம் கையின் அளவு தெரிந்திருக்கும். எந்த எடையில் தோள் தளர்கிறது, எந்த விசையில் விரல் தயங்குகிறது என்பது தெரிந்திருக்கும். சொந்தமாக ஒன்றை வாங்க அவர் அப்போது முடிவு செய்தால், அது விளம்பரத்தையோ அடுத்தவர் பதக்கத்தையோ பார்த்துச் செய்த முடிவாக இராது.