உள்ளே தங்குவதா, வெளியே தங்குவதா?

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று இரண்டாம் திருப்பலி முடிந்து, கோவில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்த நம்மிடம் நம் பங்கைச் சேர்ந்த தம்பதியர் இருவர் வந்தனர். அவர்களுடைய மகன் அமெரிக்காவில் அட்லாண்டா நகரில் பணிபுரிகிறார். வரும் ஜூலை மாதத்தில் பெற்றோரையும் எண்பத்தொரு வயதான பாட்டியாரையும் வரவழைத்து, தம் மனைவி மக்களோடு அனைவரையும் புளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்கு நான்கு நாள் அழைத்துச் செல்லத் திட்டமிட்டிருக்கிறார். எங்கே தங்குவது என்பதில்தான் வழக்கு. பூங்காவின் எல்லைக்குள்ளேயே டிஸ்னி நிறுவனம் நடத்தும் விடுதியில் தங்கவேண்டும் என்பது மகனின் விருப்பம். தந்தைக்கு அது அறவே பிடிக்கவில்லை.

"சாமி, ராத்திரி படுத்துத் தூங்குறதுக்கு மட்டும் இம்புட்டுப் பணமா? பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போனா வாடகை பாதிதான்னு அவனே சொல்றான்" என்றார்.

தாயார் ஒன்றும் பேசவில்லை. பாட்டியார் என்ன சொல்கிறார் என்று கேட்டோம். "அவுங்க வரலையாம் சாமி. பேரன் வீட்டுலேயே செபமாலை சொல்லிக்கிட்டு இருந்துக்கிறாங்களாம்" என்று மருமகள் தலைகுனிந்து கூறினார். அந்தச் சொல் நம் நெஞ்சில் தைத்தது. முதியவர்கள் இப்படிச் சொல்லும்போது அதை உண்மை விருப்பம் என்று எடுத்துக்கொள்வது வீட்டார்க்கு எவ்வளவு வசதியாகப் போய்விடுகிறது!

கேளிக்கைப் பூங்காவைப் பற்றிப் பங்குக் குருவுக்கு என்ன தெரியும் என வாசகர்கள் புன்னகை புரியலாம். 2023-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்கப் பங்கொன்றில் ஒரு மாதம் உதவிக்குருவாக இருக்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. அப்போது அங்கே வாழும் நம் தமக்கையாரின் மகன் தன் குடும்பத்தோடு நம்மையும் அந்தப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றான். தமக்கையாருக்கு அப்போது அறுபத்தேழு வயது. முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளில் மூத்தவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு நான்கு. மருமகன் சிக்கனக்காரன். ஆதலால் முதல் இரண்டு இரவு வெளியே, பின் இரண்டு இரவு உள்ளே என்று ஏற்பாடு செய்திருந்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கண்ட காரணத்தால்தான் இதை எழுதத் துணிகிறோம்.

வெளியே தங்கிய விடுதி கிஸ்ஸிம்மீ என்னும் ஊரின் நெடுஞ்சாலையில் இருந்தது. அறை விசாலமானது, தூய்மையானது, குறை சொல்வதற்கில்லை. பூங்காவுக்கு இலவசப் பேருந்து உண்டு என்று விளம்பரத்தில் கண்டிருந்தோம். உண்மைதான். காலை எட்டு மணிக்கு ஒன்று போகும், இரவு ஒன்பது மணிக்கு ஒன்று திரும்பும். இடையில் ஒன்றும் இல்லை. எனவே காரிலேயே புறப்பட்டோம்.

அன்று போனது மேஜிக் கிங்டம் எனும் பூங்கா. அங்கே கார் நிறுத்தும் திடல் பூங்கா வாசலில் இல்லை என்பதைப் பலர் அறியார். நடுவே ஓர் ஏரி இருக்கிறது. காரை நிறுத்திவிட்டு, நிலையம் வரை இழுவை வண்டியில் வந்து, அங்கிருந்து படகிலோ ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ ஏரியைக் கடந்தாக வேண்டும். எட்டு மணிக்கு அறைக்கதவைப் பூட்டிய நாம் பூங்காவுக்குள் கால் வைத்தபோது மணி ஒன்பதரை. அதுவரை எல்லோரும் உற்சாகமாகவே இருந்தோம்.

நண்பகல் ஒரு மணிக்குச் சின்னவள் அழத் தொடங்கினாள். புளோரிடாவின் ஜூலை வெயில் நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்துக்குச் சற்றும் இளைத்ததன்று. தமக்கையாரின் கால்கள் வீங்கிவிட்டன. அறைக்குப் போய் வரலாமென்றால், அதே ஏரி, அதே திடல், அதே நெடுஞ்சாலை. போக வர மூன்று மணி நேரம் கழிந்துவிடும். "என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க, நீங்க போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, நிழல் விழுந்த ஒரு பெஞ்சில் பேத்தியை மடியில் கிடத்திக்கொண்டு, ஆறு பேரின் பைகளுக்கும் காவலாக அமர்ந்துவிட்டார் தமக்கையார். நாமும் துணைக்கு அமர்ந்தோம். நான்கு மணிக்கு இடியும் மழையும் வந்தன. அங்கே கோடையில் பிற்பகல் மழை வழக்கமாம். ஆறு மணிக்கு அனைவரும் திரும்பிவிட்டோம். இரவு வாணவேடிக்கையை யாருமே பார்க்கவில்லை. கொடுத்த நுழைவுச்சீட்டுப் பணத்தில் தமக்கையார் கண்டது ஒரு பெஞ்சு.

மூன்றாம் நாள் உள்ளே குடிபெயர்ந்தோம். அறை முந்தியதைவிடச் சிறியது. வாடகை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மருமகன் முகம் சுருங்கியதைக் கண்டோம். மறுநாள் காலையில் விடுதி வாசலில் ஏறிய பேருந்து மேஜிக் கிங்டத்தின் வாசலருகிலேயே இறக்கிவிட்டது, படகில்லை, திடலில்லை. டிஸ்னி விடுதிகளில் தங்குவோர் எந்தப் பூங்காவிலும் எந்த நாளிலும் மற்றவர்க்கு அரை மணி முன்னதாக நுழையலாம். அந்த அரை மணியில், பிறகு ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கவேண்டிய சவாரிகள் இரண்டினைப் பிள்ளைகள் முடித்துவிட்டனர். பன்னிரண்டு மணிக்கு அறைக்குத் திரும்பினோம். தமக்கையார் கால்நீட்டிப் படுத்தார். சின்னவள் இரண்டு மணி நேரம் உறங்கி எழுந்து, நீச்சல் குளத்தில் தன் அண்ணனுடன் கூத்தடித்தாள். ஐந்து மணிக்கு மறுபடியும் பூங்கா. வாணவேடிக்கை முடிந்து திரும்பும் பேருந்தில், "இப்பத்தான் தம்பி ஊரைப் பார்த்த மாதிரி இருக்கு" என்றார் தமக்கையார்.

மருமகனின் கூடுதல் பணம் எதற்குப் போயிற்று என்று அப்போது விளங்கிற்று. இரவுத் தூக்கத்துக்கன்று, பகல் தூக்கத்துக்கு. திருவிழாக் காலத்தில் வேளாங்கண்ணித் திருத்தல விடுதியில் இடம் கிடைத்த குடும்பமும், நாகப்பட்டினத்தில் அறை எடுத்துக்கொண்டு வந்துபோகும் குடும்பமும் ஒரே திருவிழாவைத்தான் காண்கின்றன. ஆனால் உச்சிப் பொழுதில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்ற கேள்வி ஒரு குடும்பத்துக்கு மட்டுமே எழுகிறது அல்லவா!

இந்த "உள்ளே" என்பது எப்படி உண்டாயிற்று என்பதும் சுவையான கதை. வால்ட் டிஸ்னி தம் முதல் பூங்காவை 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் கலிபோர்னியாவில் அனஹைம் என்னும் இடத்தில் திறந்தார். நிலம் 160 ஏக்கர்தான். விடுதி கட்டக் கையில் பணமில்லை. ஜாக் ராதர் என்னும் தொலைக்காட்சித் தயாரிப்பாளரை நாடி, அவர் மூலம் அதே ஆண்டு அக்டோபரில் பூங்காவுக்கு அருகில் ஒரு விடுதியை உண்டாக்கினார். டிஸ்னிலேண்டு ஹோட்டல் என்று பெயர் தாங்கிய அது டிஸ்னி நிறுவனத்தின் கைக்கு வந்தது 1988-இல்தான். இதற்கிடையில் பூங்காவைச் சுற்றிலும் பிறருடைய விடுதிகளும் கடைகளும் காளான்போல் முளைத்தன. கூட்டத்தைக் கூட்டியவர் ஒருவர், வாடகை வாங்கியவர்கள் வேறு பலர். அந்தப் பாடத்தைக் கற்ற டிஸ்னி, அடுத்த பூங்காவுக்காக 1960-களின் நடுவில் புளோரிடாவில் தம் பெயர் வெளிவராமல் சிறுசிறு நிறுவனங்களின் பெயரால் ஏறத்தாழ 27,000 ஏக்கர் வாங்கினார். 1966-இல் அவர் காலமானார். 1971 அக்டோபர் 1-ஆம் நாள் அந்தப் பூங்கா திறக்கப்பட்டபோது கான்டெம்பரரி, பாலினேஷியன் எனும் இரு விடுதிகளும் உடன் திறந்தன. ஒற்றைத் தண்டவாள ரயில் கான்டெம்பரரி விடுதியின் நடுக்கூடத்துக்குள்ளேயே புகுந்து செல்வதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கின்றனர். நாமும் பார்த்தோம்.

ஆகவே "உள்ளே" என்பது அன்பினால் மட்டும் விரிக்கப்பட்ட பாயன்று. வணிகக் கணக்கும் அதில் உண்டு. நம் கணக்கையும் நாம் போட்டாக வேண்டும்.

உள்ளே என்ற சொல்லைக் கேட்டு வாசலைத் திறந்தால் பூங்கா என்று எண்ணிவிடலாகாது. அந்த நிலப்பரப்பு இன்றும் ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர். பூங்காக்கள் நான்கு, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளன. கான்டெம்பரரியிலிருந்து மேஜிக் கிங்டத்துக்குப் பத்து நிமிடத்தில் நடந்தே போகலாம். அதற்கேற்ற வாடகையும் உண்டு. மலிவான உள்விடுதிகள் பல தள்ளியே இருக்கின்றன, அங்கிருந்து பேருந்துதான். பூங்கா மூடும் வேளையில் அந்தப் பேருந்துக்கும் நீண்ட வரிசை நிற்கும். பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் போன்ற சில விடுதிகளுக்கு, பழனியில் உள்ளது போன்ற ரோப் கார் 2019 முதல் ஓடுகிறது. எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் ஆகிய இரு பூங்காக்களுக்கு அது நல்ல வசதி. விமான நிலையத்திலிருந்து விருந்தினரை இலவசமாக அழைத்துவந்த டிஸ்னியின் பேருந்து 2022-இன் தொடக்கத்தோடு நின்றுவிட்டது. முன்பு போய்வந்தவர்கள் சொல்வதை நம்பி ஏமாறவேண்டாம்.

வெளியே பாதி வாடகை என்பதிலும் கவனம் தேவை. பூங்காவில் காரை நிறுத்த நாளொன்றுக்கு 25 டாலராக இருந்த கட்டணம் 2023 அக்டோபரில் 30 டாலர் ஆயிற்று. உள்விடுதியில் தங்குவோர் அதைக் கொடுக்கவேண்டியதில்லை. வெளிவிடுதிகள் பல, அறை வாடகைக்கு மேல் "ரிசார்ட் கட்டணம்" என்று தினந்தோறும் ஒரு தொகை சேர்க்கின்றன. நாம் தங்கிய இடத்தில் அதைக் கணக்குத் தீர்க்கும்போதுதான் சொன்னார்கள். 2025 மே 12 முதல் அத்தகைய கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலையை விளம்பரப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க அரசின் விதி வந்திருப்பது நல்லதாயிற்று. இருப்பினும் விடுதியில் கார் நிறுத்தக் கட்டணம் உண்டா என்று தனியே கேட்டுக்கொள்வது நன்று.

இதனால் வெளியே தங்குவது அறிவீனம் என்று கூறுவோம் அல்லோம். பெரிய குடும்பத்துக்கு ஒரு வழி இருக்கிறது. கிஸ்ஸிம்மீயிலும் சுற்றுப்புறத்திலும் நான்கைந்து படுக்கையறையும் சமையலறையும் கொண்ட முழு வீடுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. உள்ளே சாதாரண அறையொன்றில் நால்வர்தான் தங்கலாம். எழுவருக்கு இரண்டு அறை வேண்டும், அவை அடுத்தடுத்து அமையும் என்ற உறுதியும் இல்லை. வீட்டிலோ ஒரே கூரை. நீரிழிவுள்ள தாயாருக்குக் காலையில் இட்லியும் இரவில் ரசஞ்சோறும் ஆக்கிப் போடலாம். உண்ட பின் அனைவரும் ஒன்றாக அமர்ந்து செபம் சொல்லலாம். ஒரே ஒரு நாள் பூங்கா பார்ப்பவர்களுக்கும், பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களுக்கும் உள்விடுதி வீண்செலவு என்பதே நம் கருத்து. ஞாயிறு இடையில் வந்தாலும் கார் வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஆர்லாண்டோவில் எழுப்பப்பட்ட அகிலத்தின் அரசி மரியா பேராலயம், 2009-இல் இணைப் பேராலயமாக உயர்த்தப்பட்டது, டிஸ்னியின் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். அவ்வீடுகள் பலவற்றில் கொல்லைப்புறத்தில் சொந்த நீச்சல் குளம் உண்டு. சிறு பிள்ளை உள்ள குடும்பம் பெட்டியை இறக்குமுன் அந்தக் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைப் பார்க்கட்டும்.

நம்மிடம் வந்த தம்பதியரிடம் இவ்வளவையும் நாம் விரித்துரைக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "பிற்பகல் ஒரு மணிக்கு உங்க அம்மா எங்கே இருப்பாங்க?" தந்தை விழித்தார். "அவுங்கதான் வரலையே சாமி" என்றார். "வந்தா?" என்றோம். நெடுநேரம் பதிலில்லை.

பிறகு நாம் கூறியது இதுதான். நான்கு நாளை மூன்றாக்குங்கள். நாள் கூடக் கூட நாள்கணக்கில் சீட்டின் விலை குறையும் என்பது உண்மைதான். ஆயினும் எழுவருடைய சீட்டில் ஒரு நாள் குறைந்தால் மிஞ்சுவது சிறு தொகையன்று. அதை அறை வாடகையில் போடுங்கள். மூன்று இரவும் உள்ளே தங்குங்கள். பாட்டியார்க்குச் சக்கர நாற்காலி பூங்காவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். பேருந்திலும் அதனுடன் ஏற வசதி உண்டு. நான்காம் நாள் அட்லாண்டாவுக்குத் திரும்பி, மகன் வீட்டில் சும்மா இருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் தேவைதான்.

தந்தை முழுமனதோடு இசைந்தார் என்று சொல்வதற்கில்லை. மகனிடம் பேசிச் சொல்வதாகக் கூறிச் சென்றார்.

சென்ற முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசென்றபோது அவ்வீட்டுக்கும் போனோம். நற்கருணை வாங்கிச் செபம் முடித்தபின் பாட்டியார் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க மத்தியானம் வந்து படுத்துக்கிறலாமாமே, மெய்தானா சாமி?" என்று மெல்லக் கேட்டார். மெய்தான் என்றோம்.

"அப்ப இன்னும் ரெண்டு நூல் சேலை எடுத்து வச்சுக்கிறேன்" என்றார்.