நம் ஆலய மண்டபத்தில் டாக்டர்களும் மிஸ்ஸிமார்களும் படிக்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாத நேரத்தில் படிங்க.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தொண்டர் குழு சார்பாக நாங்கள் ஒரு தீர்மானம் வைக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம் மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுக்கணும். நம் வட்டாரத்து கிளினிக் டாக்டர்கள், மிஸ்ஸிமார்கள், மருந்து கொடுக்கிறவர்கள் எல்லாரும் வந்து மனநோய் பற்றிப் படிப்பார்கள். மனநல மருத்துவர் ஒருவர் பாடம் எடுப்பார். நம் தொண்டர்களும் கூடவே உட்காருவோம். வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்ன உடனே ஒருவர், "கோயில்ல பைத்தியக்காரப் பேச்சு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டார். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

படிச்சு முடிச்ச டாக்டருக்கு மறுபடியும் என்ன படிப்பு என்று சிலர் நினைக்கலாம். நம்ம வேலை ஃபேக்டரி சூப்பர்வைசர், எஸ்.பி.எம். வரைதான் படிப்பு. ஆனாலும் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவரை, முதலுதவிக் குழுவை எல்லாம் சில வருஷத்துக்கு ஒருமுறை மறுபடியும் பயிற்சிக்கு அனுப்புகிறோம். பத்து வருஷம் ஓட்டினவர்தான் ஜாக்கிரதை இல்லாமல் ஓட்டுவார். டாக்டர்களுக்கும் இந்த ஏற்பாடு உண்டு. மலேசியாவில் வேலை செய்ய ஆண்டுதோறும் எடுக்கும் சான்றிதழைப் புதுப்பிக்க, குறைந்தது 20 பயிற்சிப் புள்ளி சேர்த்திருக்கணும். ஆனால் சர்க்கரை, இருதயம், புது மருந்து என்று மற்ற பாடங்களுக்கே போய் அந்த 20-ஐ நிரப்பிவிடலாம். மனநலப் பாடம் பக்கம் எட்டிப் பார்க்காமலே வருஷங்கள் ஓடிவிடும்.

நோய் அப்படிக் காத்திருக்குதா? 2019-ல் நாட்டில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு என்று தேசிய சுகாதார ஆய்வு சொன்னது. அதே ஆய்வு 2023-ல் 4.6 விழுக்காடு என்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். ஒரு மனநல மருத்துவர் உருவாக, டாக்டர் ஆனதற்குப் பிறகு இன்னும் நாலு வருஷம் படிக்கணும். இத்தனை பேரையும் அவர்களே பார்த்து முடிக்க முடியாது. அதனால்தான் சாதாரண கிளினிக் டாக்டரும் மிஸ்ஸியும் இந்த நோயைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளணும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே ஒரு திட்டம் தொடங்கி, 2010-ல் அதற்குக் கைநூலும் போட்டது.

இது எல்லா இனத்துக்கும் பொது. இனி சொல்வது நம் மக்கள் சம்பந்தப்பட்டது.

நம் தாமானில் ஒரு அம்மா. கணவர் தவறி இரண்டு வருஷம் ஆச்சு. கிளினிக்குப் போனால் "டாடா சாகிட்" என்பார். நெஞ்சு வலி என்று அர்த்தம். அவருக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான். இருதயத்தைப் பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது. கேஸ்ட்ரிக் மருந்து கொடுத்து அனுப்புவார்கள். மூன்று தடவை இதே கதை. தூக்கம் வருதா, சாப்பாடு இறங்குதா, கடைசியாக எப்போது சிரித்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த அம்மா சொல்ல வந்தது மனசு பாரம். நம் ஊரில் யார்தான் "எனக்கு மனச்சோர்வு" என்று போய்ச் சொல்கிறார்கள்? நெஞ்சை அடைக்குது, உடம்பெல்லாம் எரியுது, கண்ணு பட்டிருச்சு, ஏழரைச் சனி நடக்குது, யாரோ செய்வினை வச்சிட்டாங்க, இப்படித்தான் வரும். இந்தப் பேச்சுக்குப் பின்னால் என்ன இருக்குன்னு காது கொடுத்துக் கேட்கிறதுதான் டாக்டர்கள் படிக்க வேண்டிய முதல் பாடம் என்பது எங்கள் கருத்து.

இன்னொன்று, பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது. பன்னிரண்டு வயசுப் பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது, வாழவே பிடிக்கலை என்று எந்தப் பாட்டி வாய் திறப்பார்? தற்கொலை விகிதம் நாட்டில் நம் இனத்தில்தான் அதிகம் என்று சுகாதார அமைச்சின் பதிவேடு முன்பே காட்டியிருக்கிறது. நம் தலைவர்கள் மேடையில் இதைப் பேசுவதே இல்லை. அது வேறு வருத்தம்.

அடுத்தது மருள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் தம்பிக்கு மருள் வருது. வெளியூரிலிருந்து வந்த இளம் டாக்டர் முதல் தடவை பார்த்தால் பயந்துதான் போவார். ஆனால் மருத்துவ உலகம் இதை எப்போதோ ஆராய்ந்துவிட்டது. காவடி எடுப்பவர்கள் முன்கூட்டியே பழகித்தான் அந்த நிலைக்குப் போகிறார்கள் என்று ரொனால்ட் சைமன்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் மலேசியத் தைப்பூசத்தைப் பார்த்து 1988-ல் கட்டுரை எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 2022-ல் நடைமுறைக்கு வந்த பதினோராவது பதிப்பு, சமயச் சடங்கின் பகுதியாக எல்லாரும் ஏற்றுக்கொண்ட மருளை நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. வேண்டாமல் வந்து, சடங்குக்கு வெளியே வந்து, ஆளைத் துன்பப்படுத்தி, பிழைப்பையும் கெடுத்தால்தான் நோய்.

நாங்கள் பார்க்கிற கணக்கு இன்னும் சுலபம். விபூதி போட்டதும் இறங்கி, தண்ணீர் குடித்து, திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வந்து நிற்கிறாரா? அது சாமி. ராத்திரி மூணு மணிக்குக் குரல் கேட்குது, குளிக்கிறதில்லை, சோற்றில் விஷம் இருக்கு என்கிறார், வேலையும் போச்சு என்றால் கிளினிக்கு உடனே போகணும். இந்த மாதிரிப் பிள்ளைகளையும் சாமி வந்திருக்கு என்று மாசக் கணக்கில் கயிறு கட்டி வைத்திருந்த குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். பரிகாரத்துக்கு மூவாயிரம் வெள்ளி வாங்கிய ஆசாமிகளையும் பார்த்திருக்கிறோம். சீக்கிரம் மருந்து தொடங்கினால் தேறுவது சுலபம். அந்த மாசங்கள் திரும்பி வராது.

அப்போ ஆலயம் ஒன்றுக்கும் ஆகாதா என்றால், இல்லீங்க. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மருந்து இல்லை, அடி உதை இல்லை. சராசரி ஆறு வாரம் தங்கிச் சின்னச் சின்னக் கோயில் வேலை செய்தார்கள். நோயின் கடுமை ஏறக்குறைய 20 விழுக்காடு குறைந்திருந்தது. ஆதரவான இடத்துக்கு அவ்வளவு பலன் உண்டு. அதற்கு முந்தைய வருஷம், 2001-ல், ஏர்வாடி தர்காவை ஒட்டியிருந்த காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. ஆண்டவனை நம்பித்தான் குடும்பத்தார் அங்கே கொண்டு விட்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே யோசிங்க.

அதனால் இந்தப் படிப்பு ஆஸ்பத்திரிக் கூட்ட அறையில் நடப்பதைவிட நம் மண்டபத்தில் நடக்கணும் என்கிறோம். டாக்டர்கள் நம் பேச்சைக் கேட்டுப் போகட்டும். நாம் அவர்களிடம் எப்போது, யாரை அனுப்புவது என்று கேட்டுக்கொள்வோம். சாக நினைக்கிறீர்களா என்று நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. எப்படிக் கேட்பது என்பதுதான் பழகணும். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டமும் 2023-ல் எடுக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வரும் என்று இனி மறைக்க வேண்டியதில்லை. எத்தனை வீட்டுக்கு இது தெரியும்?

மண்டபம் புனிதமான இடம் என்ற பேச்சுக்கு வருவோம். இங்கே இரத்ததான முகாம் நடத்தியிருக்கிறோம், சர்க்கரை பார்த்திருக்கிறோம், கண் பரிசோதனையும் நடந்திருக்கு. அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மனசு என்றதும் மட்டும் "தஞ்சோங் ரம்புத்தான்" என்று கிண்டல். அந்த மருத்துவமனை 1911-லிருந்து இருக்கு. அங்கே குணமாகி வீட்டுக்கு வந்து, நம் பக்கத்தில் உட்கார்ந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்குகிறவர்களும் உண்டு. யார் என்று சொல்ல மாட்டோம். கிண்டல் பண்ணும்போது அவர்கள் காதிலும் விழுது.

செலவு பெரிசா இல்லை. பக்கத்துத் தாமான் தனியார் கிளினிக் டாக்டர் ஒருவர் பயிற்சிப் புள்ளிக்கு விண்ணப்பிக்கும் வேலையைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கான கடிதம் தயார். தலைவர் கையெழுத்துதான் பாக்கி, அதற்குப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேணும். உறுப்பினர் அட்டை உள்ளவர்கள் தயவுசெய்து வந்து கை தூக்குங்கள். வேண்டாம் என்கிறவர்களும் வாங்க, நேரில் பேசுவோம்.

அதுவரைக்கும் காத்திருக்க முடியாதவர்கள் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555-க்கு அழைக்கலாம். தயங்கினால் எங்களிடம் சொல்லுங்கள், கிளினிக்குக் கூடவே வருகிறோம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு குடும்பம் உபயம் ஏற்றிருக்கிறார்கள். காலைப் பலகாரத்துக்கு இன்னும் ஆள் இல்லை.