இரட்டை மஞ்சள்



போத்தனூர் ஜங்ஷனுக்குள் நுழையும் ஒவ்வொரு ரயிலின் எஞ்சினிலும், பயணிகள் காதில் விழாத ஒரு பேச்சு நடக்கிறது. தூரத்தில் சிக்னல் கண்ணுக்குத் தட்டுப்பட்டதும் லோகோ பைலட் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்கிறார். பக்கத்தில் இருக்கும் உதவி லோகோ பைலட் தானும் பார்த்து, அதையே திருப்பிச் சொல்கிறார். பச்சை என்றால் பச்சை, இரட்டை மஞ்சள் என்றால் இரட்டை மஞ்சள். இருவருக்கும் அந்தப் பாதை மனப்பாடம்தான். இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். ரயில்வேயின் பொது விதிகளில் எழுதப்பட்ட கடமை அது.

கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மனம் வீட்டுக்குப் போய்விடும். மகளின் கல்லூரிக் கட்டணத்தையோ, காலையில் அரைகுறையாக நின்றுபோன ஒரு வாக்குவாதத்தையோ நினைத்துக்கொண்டிருக்கும். சிவப்பு கண்ணில் பட்டும் மனத்தில் படாமல் போவதற்கு ஒரு நொடி போதும். வாய் திறந்து நிறத்தைச் சொல்லும்போது, போன மனம் திரும்பி வந்துவிடுகிறது. ஜப்பானில் ரயில் ஊழியர்கள் விரலை நீட்டிக் காட்டிச் சொல்லும் இதே பழக்கத்தை, அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-ல் சோதித்துப் பார்த்தது. எதுவும் செய்யாமல் வேலை பார்த்தபோது நேர்ந்த தவறுகள், காட்டிச் சொன்னபோது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன.

போத்தனூர் ரயில்வே வளர்த்த ஊர். தெற்கு ரயில்வேயின் சிக்னல் மற்றும் தொலைத்தொடர்புப் பணிமனை இங்கேதான் இருக்கிறது. இந்த ஊரிலிருந்துகொண்டு தியானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், குகையும் மலையுச்சியும் எனக்கு நினைவுக்கு வருவதில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் அந்த இரண்டு பேர்தான் வருகிறார்கள்.

இந்த மாதம் இதைப் பேச ஒரு காரணமும் உண்டு. டிசம்பர் 21-ஐ உலக தியான தினமாக ஐ.நா. பொதுச்சபை 2024-ல் அறிவித்தது. அந்தத் தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்த நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் நேபாளமும் உண்டு. அன்று பள்ளிகளிலும் மண்டபங்களிலும் எல்லோரும் கண்ணை மூடி உட்காருவார்கள். நல்லதுதான். ஆனால் மறுநாள் காலை ஆறு மணிக்கு குக்கர் விசில் அடிக்க, வாசலில் தண்ணீர் வண்டி நிற்க, பையன் ஷூவைக் காணோம் என்று கத்தும்போது அந்தத் தியானம் எங்கே போகிறது என்பதுதான் என் அக்கறை.

தியானம் என்றதும் வாசகர்கள் சொல்லும் முதல் குறை எப்போதும் ஒன்றுதான்: “உட்கார்ந்தா மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுங்க.” சொல்பவர்களின் குரலில் ஏதோ குற்றம் செய்துவிட்ட தொனி இருக்கும். அந்தக் குற்ற உணர்வை இன்றே விட்டுவிடுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் செல்போன் வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில், ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது’ என்று கேட்டார்கள். விழித்திருக்கும் நேரத்தில் ஏறத்தாழ 47 சதவிகிதம் மனம் வேறெங்கோ இருந்தது. மனம் வேறிடத்தில் இருந்தபோது அவர்கள் குறைந்த மகிழ்ச்சியோடு இருந்தார்கள் என்பதும் தெரிந்தது. ஆக, ஓடுவது எல்லோருடைய மனத்துக்கும் இயல்பு. ‘ஓடிவிட்டது’ என்று எந்தக் கணத்தில் தெரிகிறதோ, அந்தக் கணத்தில் தியானம் நடந்துவிட்டது. பத்து நிமிடத்தில் முப்பது முறை மனம் ஓடி, முப்பது முறையும் அதைக் கண்டுகொண்டவர் தோற்றுப்போனவர் ஆகமாட்டார். முப்பது முறை பயிற்சி செய்தவர் அவர்.

போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி ரோட்டில் ஈச்சனாரி, ஒத்தக்கால்மண்டபம், கிணத்துக்கடவு தாண்டிப் பொள்ளாச்சி சேர்ந்து, வால்பாறை மலைக்குப் போகும் வழியில் திரும்பினால் ஆழியாறு வரும். அணை பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் அறிவுத் திருக்கோயிலின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். வேதாத்திரி மகரிஷி 1984-ல் அமைத்த இடம் அது. கொங்கு நாட்டில் ‘வாழ்க வளமுடன்’ என்ற வாழ்த்தைக் கேட்காமல் வளர்ந்தவர் குறைவு. திருமணப் பத்திரிகையில், ஆட்டோவின் முதுகில், கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலே அது இருக்கிறது. அந்த வாழ்த்தைப் பரப்பியவர் யார் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அவர் 1911-ல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார். தறியில் உட்கார்ந்தவர், நெசவுத் தொழில் நடத்தியவர், ஆயுர்வேதமும் ஹோமியோபதியும் கற்றவர். காவி கட்டிக் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, குடும்பத்தில் இருந்துகொண்டே கற்கக்கூடிய முறையாக மனவளக்கலையை வகுத்தார். தன் மனைவி லோகாம்பாள் பிறந்த நாளான ஆகஸ்ட் 30-ஐ, மனைவியை வாழ்த்தும் நாளாகக் கொண்டாடச் சொன்னார். 2006-ல் கோவையில் மறைந்தார்.

மனவளக்கலை என்றால் பலரும் உடற்பயிற்சியையும் கண்மூடித் தவம் செய்வதையும் மட்டும் நினைக்கிறார்கள். என்னைக் கவர்ந்த பகுதி அதற்குப் பிறகு வரும் அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று படிப்படியாகப் போகும் அந்தப் பயிற்சியில் தாளும் பேனாவும் வேண்டும். சினம் தவிர்த்தலில் யார் யார் மீது எனக்குக் கோபம் வருகிறது, எதற்காக வருகிறது என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதிப் பாருங்கள். முதல் சில பெயர்கள் எல்லாம் நம் வீட்டு ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்களாகவே இருக்கும். மேலதிகாரியிடம் விழுங்கிக்கொண்ட கோபத்தை நாம் இறக்கி வைப்பது பெரும்பாலும் நம்மை நம்பிச் சோற்றுத் தட்டோடு காத்திருப்பவர்கள் மீதுதான். கோபம் நெருங்கியவர்கள் மேல்தான் அதிகம் வருகிறது என்பதை மகரிஷி திரும்பத் திரும்பச் சொன்னார். தறியும் குடும்பமும் கண்ட மனிதருக்கு அது தெரிந்திருக்கிறது.

எழுதுவதும் ஒரு வகையில் வாய்விட்டுச் சொல்வதுதான். உள்ளே பெயரில்லாமல் கொதித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு பெயர் கிடைக்கிறது. பர்மாவின் மகாசி சயாடோ என்ற பௌத்தத் துறவி கற்பித்த விபசனா முறையிலும் இது உண்டு. மூச்சில் வயிறு எழுந்தால் ‘எழுகிறது’, வலி வந்தால் ‘வலி’, நினைப்பு வந்தால் ‘நினைக்கிறேன்’ என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டே போவார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மன் குழு 2007-ல் மூளையைப் படம்பிடித்துப் பார்த்தது. கோபமோ அச்சமோ தெரியும் முகங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது, ஆபத்தென்று அலறும் பகுதியான அமிக்டலாவின் வேகம் தணிந்தது. நெசவாளர், துறவி, ஆய்வாளர், எஞ்சின் ஓட்டுகிறவர் ஆகிய நால்வரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய நம்பிக்கை தருகிறது.

ரயில் பாதையில் சிவப்பு திடீரென்று வருவதில்லை. முதலில் இரட்டை மஞ்சள், பிறகு ஒற்றை மஞ்சள், அதன் பிறகே சிவப்பு. கோபத்துக்கும் அப்படி முன்னறிவிப்புகள் உண்டு. சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குக் குரல் மட்டும் கனக்கும். உங்களுடைய இரட்டை மஞ்சள் எது என்று இந்த மாதம் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததும் சொல்லுங்கள். மனத்துக்குள் சொன்னாலும் போதும்; பிள்ளைகள் காதில் விழும்படி சொன்னால் இன்னும் நல்லது. “கண்ணு, அம்மாவுக்கு இப்ப கோவம் வருது. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பேசலாம்” என்று ஒரு தாய் சொன்னால், அந்தக் குழந்தை கோபத்தைக் கையாளும் வழியை அடுப்படியிலேயே கற்றுக்கொள்கிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது? மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதைக் கொஞ்சம் நீளமாக்குங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளியே விடும்போது தணிவதும் உடம்பின் இயற்கை. நீண்டு வெளியேறும் மூச்சு உடம்புக்கு ‘ஆபத்து இல்லை’ என்று தெரிவிக்கிறது. லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருக்கும்போது, டோக்கன் வாங்கி மருத்துவமனையில் காத்திருக்கும்போது, உக்கடம் நெரிசலில் பஸ் நகராமல் நிற்கும்போது இதைச் செய்யலாம். செல்போனை எடுக்கக் கை போகும் அந்த நேரங்கள்தான் பொருத்தமானவை.

பெண்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. தியானத்துக்குத் தனி அறை, அதிகாலை அமைதி என்றெல்லாம் எழுதுகிறவர்கள், அந்த அதிகாலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு டிபன் கட்டுகிறவர் யார் என்று யோசிப்பதில்லை. அப்பா கண்ணை மூடியிருக்கும்போது சத்தம் போடாதே என்று பிள்ளைகளை அடக்கும் வீட்டில், அம்மா கண்ணை மூடினால் மூன்றாவது நிமிடம் யாராவது கூப்பிடுகிறார்கள். வீட்டு ஆண்களுக்கு என் வேண்டுகோள்: உங்கள் பயிற்சியின் முதல் மாதத்தில் உங்களுக்காக உட்காருவதற்கு முன், உங்கள் மனைவிக்கோ தாய்க்கோ இருபது நிமிடம் யாரும் கூப்பிடாத நேரத்தை உண்டாக்கித் தாருங்கள். அந்த நேரத்தில் அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் வராமல் இருப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வருவது ஆகியவற்றுக்குத் தியானம் மட்டும் மருந்தாகாது. சிலருக்குக் கண்ணை மூடித் தனியாக உட்காருவது வேதனையைக் கூட்டவும் செய்யும். மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைக் கிழித்து எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாலும் எனக்குச் சந்தோஷமே.

முறையாகக் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு மனவளக்கலை மன்றங்கள் கொங்கு நாட்டின் பெரும்பாலான ஊர்களில் உண்டு. எங்கே கற்றாலும், சொல்லித் தருபவர் உங்கள் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் செய்து பார்த்துவிட்டு, உங்கள் இரட்டை மஞ்சள் எது, அதைச் சொன்ன நாளில் வீட்டில் என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமலேயே வெளியிடுகிறோம். பிப்ரவரி இதழில் அந்தக் கடிதங்களுக்குப் பக்கங்கள் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

வாழ்க வளமுடன்.

அன்புடன்,
ஆசிரியர்
போத்தனூர்