கூண்டுக் குருவி எங்கே பொரித்தது? பெடாஸ் தோட்டங்களில் கேட்க வேண்டிய கேள்வி

பெடாஸ், ரெம்பாவ் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் இடையே அதிக தூரம் இல்லை. புல் விதை முற்றும் காலத்தில் சிறு குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். மலாய்க்காரர்கள் இவற்றைப் பிப்பிட் என்பார்கள். தமிழில் சில்லை, தினைக்குருவி. தலை வெளுத்தது பிப்பிட் உபான், மார்பில் செதில் போட்டது பிப்பிட் பினாங். வலை விரிக்கத் தெரிந்தவருக்கு ஒரு காலைப்பொழுது போதும், கூண்டு நிறைந்துவிடும். கையில் காசு புரளாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எளிய வருமானமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

தோட்டத்து வீடுகளில் கோழி, புறா, மைனா வளர்ப்பது பழைய வழக்கம். லயத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்தவர்களுக்குக் கோழிக்கும் புறாவுக்கும் இடமில்லை. ஆனால் ஒரு முழ நீளக் கூண்டும் ஒரு பிடி தினையும் இருந்தால் பிஞ்ச் எனப்படும் சிறு குருவி ஜோடியை வைத்துக்கொள்ளலாம். ஜீப்ரா பிஞ்ச், பெங்காலீஸ், ஜாவா குருவி மூன்றும் கடைகளில் பரவலாகக் கிடைப்பவை. வயலில் பிடிபட்ட சில்லையும் சில நேரம் இவற்றின் பக்கத்திலேயே தொங்குகிறது. வாங்குகிறவருக்கு இரண்டும் குருவிதான். சட்டத்துக்கு அப்படியல்ல.

மேற்கு மலேசியாவில் நடப்பில் இருப்பது 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதன் அட்டவணையில் உள்ள பறவையைப் பிடிக்கவோ, வைத்திருக்கவோ, விற்கவோ பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும். சட்டம் வந்தபோதே, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை உரிமமின்றி வைத்திருந்தால் 50,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2022-இல் திருத்தம் கொண்டுவந்து தண்டனைகளைக் கூட்டினார்கள்; மிகக் கடுமையான குற்றங்களுக்கு உச்சவரம்பு 10 லட்சம் வெள்ளி அபராதமும் 15 ஆண்டு சிறையும். சோதனை நடக்கும்போது கையில் கூண்டு வைத்திருப்பவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். குருவியை மொத்தமாக வாங்கிக் கைமாற்றிவிடும் இடைத்தரகர் அந்த நேரம் பார்த்து ஊரில் இருக்கமாட்டார்.

அப்படியானால் பிஞ்ச் வளர்ப்பையே கைவிட வேண்டுமா? தேவையில்லை. ஜீப்ரா பிஞ்சையே எடுத்துக்கொள்வோம். அதன் தாயகம் ஆஸ்திரேலியா. தன் மண்ணின் பறவைகளை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதை அந்நாடு 1960 வாக்கிலேயே நிறுத்திவிட்டது. அதனால் கடைகளில் இன்று விற்பது தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பொரித்தவற்றின் வாரிசு. நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும்; இரண்டு வாரத்தில் குஞ்சு வரும்; மூன்று வாரத்தில் கூட்டை விட்டு வெளியேறும். சேவல் குஞ்சு தகப்பனிடமிருந்துதான் பாட்டைக் கற்கிறது. மூளை பாட்டை எப்படிக் கற்கிறது என்று ஆராய்பவர்கள் உலகெங்கும் இதை வளர்ப்பது அதனால்தான். கோழிக்கு அடுத்து முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்ட பறவை இது. அது 2010-இல்.

பெங்காலீஸ் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தப் பெயரில் காட்டில் ஒரு பறவையும் கிடையாது. மலேசியாவிலும் தென்னிந்தியாவிலும் திரியும் முதுகு வெளுத்த சில்லை, மலாயில் பிப்பிட் தூலி, இதன் மூதாதை. சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போன இந்தக் குருவியை அங்கே சுமார் 250 ஆண்டுகளாக வளர்த்து வளர்த்து வீட்டுப் பறவையாக்கிவிட்டார்கள். தன் முட்டையா பிறர் முட்டையா என்று பாராமல் அடைகாக்கும் குணம் இதற்கு உண்டு. விலை கூடிய பிஞ்சுகளின் முட்டையை இதனடியில் வைத்துப் பொரிக்க வைப்பது வளர்ப்பாளர்களுக்கு நன்கு பழகிய உத்தி. வயலுக்குப் போய் வலை விரிக்க ஒரு காரணமும் இல்லாத இடம் இது.

சங்கடம் ஜாவா குருவியில் இருக்கிறது. சிவந்த அலகு, வெள்ளைக் கன்னம், சாம்பல் உடல். ஜாவா, பாலித் தீவுகளின் வயல்களில் ஒரு காலத்தில் விரட்டி மாளாத குருவி. விவசாயிக்கு எதிரி, வியாபாரிக்குச் சரக்கு. இரு பக்கமும் பிடித்துத் தீர்த்தார்கள். மலாயில் ஜெலாத்திக் என்ற பெயரோடு இங்கும் வந்து சேர்ந்தது. உலகெங்கும் கூண்டுகளில் ஏராளமாக இருக்கும் இக்குருவி, சொந்த மண்ணில் அழியும் அபாயத்தில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் சொல்கிறது. அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இது உண்டு. கூண்டில் பெருகினால் காடு பிழைத்துக்கொள்ளும் என்று வளர்ப்பாளர்கள் சிலர் வாதாடுவார்கள். இந்தக் குருவி அதை மறுக்கிறது. பொரித்து வளர்க்க ஆகும் செலவைவிடப் பிடித்து விற்க ஆகும் செலவு குறைவாக இருக்கும்வரை வலை ஓயாது.

ஜாவாத் தீவில் மூன்றில் ஒரு வீட்டில் கூண்டுப் பறவை இருப்பதாகவும், மொத்தம் 6 கோடியே 60 லட்சத்திலிருந்து 8 கோடியே 40 லட்சம் வரை இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பசிக்கு இரை மலேசியாவிலிருந்தும் போகிறது. 2015 முதல் 2020 வரை இவ்வட்டாரத்தில் பறிமுதலான முராய் கம்போங் பறவைகள் மட்டும் 26 ஆயிரத்துக்கு மேல் என்கிறது டிராஃபிக் என்ற கண்காணிப்பு அமைப்பு. முராய் பத்துவும் 2022-இல் சைட்ஸ் பட்டியலுக்குள் வந்தது. இவை பிஞ்ச் இனமல்ல, பாட்டுப் பறவைகள். ஆனால் பிடிக்கும் கையும் கடத்தும் பாதையும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பதில்லை. சில்லையில் தொடங்கும் இளைஞனிடம் நாளை முராய் கேட்பார்கள், விலை அதற்குத்தான்.

கூண்டில் பிறந்ததை அடையாளம் காண ஒரு வழி உண்டு. குஞ்சு சில நாள் வயதில் இருக்கும்போதே காலில் மூட்டில்லாத முழு வளையத்தை மாட்டுவார்கள். கால் வளர்ந்தபின் அதை மாட்டவும் முடியாது, கழற்றவும் முடியாது. வாய் திறந்த வளையம் அப்படியல்ல. நேற்றுப் பிடித்த குருவிக்கும் போட்டுவிடலாம். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல, வளையமும் ரசீதும். எந்தப் பறவை எந்த அட்டவணையில் வருகிறது என்பதைச் சிரம்பானில் உள்ள பெர்ஹிலித்தான் மாநில அலுவலகத்தில் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

வளர்க்கத் தொடங்குவோர் கணக்கில் விடுவது இன்னொன்று. ஜீப்ரா பிஞ்ச் நிறுத்தாமல் முட்டையிடும். கூட்டுப் பெட்டியை எடுத்து ஓய்வு கொடுக்காவிட்டால் பேடு சுண்ணாம்புச் சத்து வற்றி, முட்டை அடைத்துச் செத்துப்போகும். மறுபக்கம், ஆறே மாதத்தில் ஒரு ஜோடி பத்துப் பதினைந்தாகும். அக்கம்பக்கத்தில் வாங்க ஆளிருக்காது. மிஞ்சியதைச் செம்பனைக் காட்டில் திறந்துவிடுவது இரக்கம்போலத் தெரியும். கூண்டிலேயே தீனி தின்று பழகிய குருவி அங்கே பருந்துக்கும் பாம்புக்கும் போய்ச் சேரும். பிழைத்தாலோ இந்த மண்ணுக்கு ஒட்டாத வந்தேறியாகப் பெருகும். எத்தனை குஞ்சுக்கு இடமிருக்கிறதோ அத்தனை முட்டையை மட்டும் அடைகாக்கவிட்டு, மற்றவற்றை எடுத்துவிடுவதே அனுபவமுள்ள வளர்ப்பாளர்களின் வழக்கம்.