நேர்காணலில் ஒரு பத்து நிமிடம்



வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு என்று பழகிய ரேணிகுண்டாக் குடும்பம் எங்களுடையது. பக்கத்து ஏர்ப்பேட்டில் ஐஐடி, ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) இரண்டும் இருக்கின்றன. இரண்டுமே 2015இல் தொடங்கியவை. ஜேஇஇ மெயின் தேர்வை 2021 முதல் தமிழ், தெலுங்கு உட்பட 13 மொழிகளில் எழுதலாம். அடுத்த கட்டமான ஜேஇஇ அட்வான்ஸ்டுக்கு ஆங்கிலமும் இந்தியும்தான். உள்ளே போனால் பாடம் ஆங்கிலத்தில்.

அங்கே பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம், ஆய்வுக் கட்டுரைகள் பார்க்கிறார்கள். சரிதான். ஆனால், தெலுங்கு வழியில் படித்துவந்த முதலாண்டுப் பிள்ளைக்கு என்ட்ரோபியை அவன் மொழியில் விளக்க வருமா என்றும் நேர்காணலில் கேட்கலாமே! தெரிந்த இந்திய மொழி எதுவானாலும் பத்து நிமிடப் பாடம் நடத்தச் சொன்னால் போதும். வந்தால் கூடுதல் மதிப்பெண், வராவிட்டால் குறைக்க வேண்டாம். எங்கள் ஜங்ஷன் டீக்கடைக்காரர் நாலு மொழியில் கணக்குச் சொல்கிறார்.

– ஒரு வாசகர், ரேணிகுண்டா