நீக்குதல் வேறு, அழித்தல் வேறு

சென்ற வாரம் கோந்த்வாவில் ஒரு ஜெராக்ஸ் கடையில், ஆய்வேட்டின் இயல் ஒன்றை அச்செடுக்கப் பென்டிரைவைக் கொடுத்தேன். கடையின் விண்டோஸ் திரையில் நான் உருவாக்காத ஒரு கோப்புறை தெரிந்தது: '.ட்ராஷ்-1000'. அதனுள் ஓர் ஒலிப்பதிவு கிடந்தது. களப்பணியின்போது தகவலாளியான ஓர் அம்மா, பேச்சு குடும்பச் சண்டையில் போய் முடிந்ததால், "இதை அழிச்சுடு தம்பி" என்றார். அவர் கண்முன்னேயே நான் நீக்கிய பதிவு அது.

கணினியைக் குறைசொல்வதற்கில்லை. உபுண்டு போன்ற லினக்ஸ் அமைப்புகளில் டிலீட் விசையை அழுத்தினால், கோப்பு அதே டிரைவிலுள்ள குப்பைக் கோப்புறைக்கு இடம்பெயர்கிறது. வேறு வட்டுக்கு நகலெடுக்கும் நேரம் அதனால் மிச்சமாகிறது. 1000 என்பது பயனர் எண். கோப்பு முன்பிருந்த இடமும் நீக்கிய நாளும் நேரமும்கூட உள்ளே பதிவாகின்றன. பெயர் புள்ளியில் தொடங்குவதால் லினக்ஸ் அதைக் காட்டுவதில்லை, விண்டோஸ் காட்டிவிடுகிறது. மறைவு உரியவனுக்கு மட்டுமே, அயலாருக்கு இல்லை. மேக் கணினியும் '.ட்ராஷஸ்' என்ற பெயரில் இவ்வாறே சேர்த்துவைக்கிறது.

ஆய்வு நெறி குறித்த நம் பயிற்சி பெரும்பாலும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் பெறுவதோடு நின்றுவிடுகிறது. ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்று படிவத்தில் ஒரு வரி இருக்கும். அதை எப்படி நிறைவேற்றுவது என்பதை எவரும் கற்பிப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வுரிமையை ஏற்கிறது. நிபந்தனைகளுடன் ஆய்வுக்கு விலக்கும் அளிக்கிறது. அந்த விலக்கு சட்டத்திலிருந்து மட்டுமே. கொடுத்த வாக்கிலிருந்து அன்று.

தவறி நீக்கியதை மீட்கக் குப்பைத்தொட்டி தேவைதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் டிரைவைக் கழற்றுமுன் கன்ட்ரோல்-எச் அழுத்தி மறைந்திருப்பவற்றைப் பாருங்கள், குப்பைத்தொட்டியைக் காலிசெய்யுங்கள். ஷிஃப்ட்-டிலீட் அதைத் தொடாமலே நீக்கும். அதன்பின்னும் மீட்பு மென்பொருள்களால் கோப்பை எடுத்துவிட முடியும். ஆகவே களப்பதிவுகளுக்குக் குறியாக்கம் செய்த தனி டிரைவை வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக் கடைக்கு வேறொன்றைக் கொண்டுசெல்லுங்கள். ஆய்வுமுறையியல் வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அந்த அம்மா சொன்னது 'அழி'. நான் செய்தது 'நீக்கு'. மொழியியல் படித்த நான் இவ்விரு வினைகளின் பொருள் வேறுபாட்டை ஒரு ஜெராக்ஸ் கடையில் உணர நேர்ந்தது.