அலுமாரிக்குள் வன்னி வரலாறு

வன்னியின் பழைய வரலாறு தேடுபவர் கைக்கு இன்றும் முதலில் வருவது ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட ஆங்கிலக் கையேடுதான். வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானபோது வணிகம், பிரயோக விஞ்ஞானம், தொழில்நுட்பம் என மூன்று பீடங்களே; கலைப்பீடம் இல்லை. வரலாறு படிக்க முல்லைத்தீவுப் பிள்ளை யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்துக்கோ அதற்கப்பாலோ போகவேண்டும். அங்கே தன் ஊர்க் குளத்தைப் பற்றி எழுதும் இறுதியாண்டு ஆய்வேடு, புள்ளி கிடைத்ததும் அலுமாரிக்குள் போய்விடுகிறது. உறுதியும் பதிவேடும் இடப்பெயர்வில் தொலைந்த ஊர்களில், துருசின் பழைய பெயர் சொல்லும் அப்பு போனால் வேறு சாட்சி ஏது?

பல்கலைக்கழக ஆய்விதழ்கள் மாணவருக்கெனச் சில பக்கங்கள் ஒதுக்கட்டும். திருத்தம் கடுமையாகவே இருக்கட்டும். முதற்பெயர் மட்டும் மாணவருடையதாக வேண்டும், மேற்பார்வையாளருடையதல்ல. அச்சான பிரதியொன்று கிளிநொச்சி, முல்லைத்தீவு நூலகங்களுக்கும் வரட்டும்.